கடலுக்கு வராத ஆறு

அப்பாவின் சாம்பல் மாசி மாதத்திலிருந்து ஆனி மாதம்வரை எங்கள் கராஜில் இருந்தது. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கிறார். எது செய்யலாம், எது கூடாது என்பதெல்லாம் அவருக்கு எங்கிருந்தோ தெரிந்துவிடும். ஆகவே குளிர்கால ரயர்களுக்கும் இரண்டு அரிசி மூட்டைகளுக்கும் நடுவே, ஒரு சுவர்த் தட்டில், ஒரு பழுப்புநிறப் பெட்டிக்குள் அப்பா இருந்தார். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் அந்த வருடம் குளிர் கொஞ்சம் கூட. ஒரு நாள் காலை காரை எடுக்கப் போனபோது பெட்டியின்மேல் அப்பாவின் நீலச் சுவெட்டர் போர்த்தியிருந்தது. உள்ளே திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"கராஜிலை ஹீற்றர் இல்லையே பிள்ளை," என்றார் அம்மா. நான் வேலைக்குப் போனேன்.

சாதாரணமாக இப்படி மாதக்கணக்கில் இழுபடுகிற விடயம் இல்லை இது. யாழ்ப்பாணத்தில் எரித்த மறுநாளே காடாத்து. சாம்பலை அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கரைத்து, முழுகிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். ரொறன்ரோவில் கடல் இல்லாதபடியால் ஏரியில் கரைக்கிறார்கள். அதற்கென்றே படகு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாசியில் ஏரிக்கரை உறைந்து கிடந்தது, படகு ஓடவில்லை. முதலில் தள்ளிப்போனதற்குக் காரணம் அதுதான். பனி கரைந்த பிறகும் தள்ளிப்போனதற்குக் காரணம் அப்பா.

அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து வைத்திருந்தார். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் பூட்டிய கமராவிலிருந்து நேரடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. புல் அசையும், எப்போதாவது ஒரு பறவை வந்து நின்று யோசித்துவிட்டுப் போகும். அதை அவர் மணிக்கணக்காகப் பார்ப்பார். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். நான் வார இறுதியில் வழக்கமாகச் செய்வதுபோல அவருடைய மருந்துகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கு உந்த ஏரி ஒண்டும் வேண்டாம்," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னை ஒக்கவாங்கோவிலை கொண்டுபோய் விடுங்கோ."

இன்னும் கொஞ்சம் சம்பல் போடு என்று கேட்கிற அதே குரல். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். நான் மாத்திரைகளை எண்ணினேன். அப்பா வேறு எதையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமையும் சரி, ஆசுபத்திரியில் கிடந்தபோதும் சரி.

ஒக்கவாங்கோ ஒரு ஆறு. அப்பாவைத் தெரிந்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். அஜின்கோர்ட்டில் யாருடைய பிறந்தநாள் விழாவானாலும் இளம் பிள்ளைகள் யாரையாவது மடக்கிப் பிடித்து, "கடலுக்குப் போகாத ஆறு ஒண்டு சொல்லு பாப்பம்" என்று தொடங்குவார். இங்கே பிறந்த பிள்ளைகள். "அங்கிள், ஐ டோன்ட் நோ, கூகிள் பண்ணட்டோ?" என்று கேட்டுவிட்டு ஐஸ்கிறீம் இருக்கிற பக்கம் நழுவிவிடுவார்கள். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழை பெய்தால் வெள்ளம் ஓடும், வெயில் அடித்தால் காயும். வழுக்கியாறு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் அதற்குள் ஆடு மேயும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, ஆறுகளைப் புத்தகத்தில் படித்து, வெண்கட்டியால் கரும்பலகையில் கீறிப் புவியியல் படிப்பித்தவர் அப்பா. கொழும்பு ரயிலில் போகும்போது பாலத்தின்மேல் இருந்து எட்டிப் பார்த்ததைத் தவிர ஆற்றோடு அவருக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போனார்கள். நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனவர்கள்தான் அதிகம். அப்பாவுக்குப் பொட்சுவானாவின் வடக்கு மூலையில், ஒக்கவாங்கோ கரையில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. அதோடு அந்த மனுசன் கைவிட்டுப் போச்சு என்று அம்மா சொல்வார்.

ஆறு மாதத்தில் எங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டு வருடம் எடுத்தது. அம்மா பெட்டியைக் கட்டுவதும், அதற்குள் வைத்த பலகாரம் பழுதாகிவிடும் என்று அவிழ்ப்பதும், மறுபடி கட்டுவதுமாக இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேரம் என்பது அப்பாவுக்கு மற்றவர்களுடைய வியாதி. அவர்களுடைய கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வழியில் ஒரு கிணற்றடியில் நின்று, பாறை அடுக்கு தெரிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். முகூர்த்தம் தவறப் பார்த்ததாம். மணவறையில் தனியே குந்திக்கொண்டிருந்ததை அம்மா இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் சொல்வார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. மண் பாதையில் நெடுநேரம் குலுங்கி வந்த லொறியிலிருந்து இறங்கியதும், அப்பா முகம் கழுவக்கூட விடாமல் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு தண்ணீரை நான் அதற்கு முன் கடலில்தான் பார்த்திருந்தேன். ஆனால் கடல்போல அது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் தலைவிரித்த பப்பைரஸ் கோரை ஆளுயரத்துக்கு நிற்க, நடுவில் தேயிலைச் சாயம்போல ஒரு நிறத்தில் ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத் தலையுள்ள ஒரு மீன்கழுகு தலையைப் பின்னுக்கு எறிந்து கத்தியது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணுக்கு வெயில் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உந்தத் தண்ணி எந்தக் கடலுக்குப் போகுது?"

"ஒரு கடலுக்கும் போகாது," என்றார் அப்பா. தானே செய்து வைத்ததுபோல ஒரு பெருமை. "கீழை போய் மணலுக்கை இறங்கும், மிச்சம் வெயிலுக்கை போகும். அவ்வளவுதான்."

"அப்ப உது என்ன ஆறு?" என்று கேட்டார் அம்மா.

அந்தக் கேள்விக்கு அப்பா ஏழு வருடமாகப் பதில் சொன்னார். அங்கோலாவின் மலைகளில் பெய்கிற மழை இரண்டு கிளையாக இறங்கி, ஒன்று சேர்ந்து, நமீபியாவின் ஒரு ஒடுங்கிய துண்டைக் கடந்து, பாறைகளில் கொஞ்சம் சத்தம்போட்டுவிட்டுப் பொட்சுவானாவுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் நீளமான ஒரு பள்ளத்துக்குள் வளைந்து வளைந்து வருகிறது. பிறகு கலஹாரி மணலில் கையை விரித்ததுபோல விரிந்துவிடுகிறது. அந்த வடிவத்தை அப்பா தாச்சி என்பார். முதலில் பிடி, பிறகு சட்டி. எங்கள் பள்ளிக்கூடம் பிடியில் இருந்தது. சட்டியில் ஆயிரக்கணக்கான தீவுகள், வாய்க்கால்கள், அல்லி பூத்த குளங்கள். தரை அவ்வளவு தட்டையானது என்பதால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. பிடியிலிருந்து சட்டியின் மறுகரைக்கு நடந்து போகிற மனிதன் சில நாளில் போய்விடுவான், தண்ணீருக்கு மாதங்கள் வேண்டும். மழை முடிந்து, புல் எல்லாம் காய்ந்து, வானத்தில் ஒரு முகில்கூட இல்லாத குளிர்காலத்தில்தான் அங்குள்ள ஊர்களுக்கு வெள்ளம் போய்ச் சேரும். காய்ந்த மண்ணின்மேல் தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு மெல்ல ஊர்ந்து வருவதை ஒருமுறை அப்பாவோடு போய்ப் பார்த்தேன். முன்னால் பூச்சிகள் ஓடின, பின்னால் கொக்குகள் அவற்றைத் தின்றுகொண்டு நடந்தன. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு இடம் பெயர்ந்தன. ஊர்ச் சனம் கரையில் நின்று கைதட்டியது.

அந்த ஆற்றில் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. நீர்யானைகள் இரவில் மேயப் போய்வருகிற தடம் கோரைக்குள் பாதையாகி, பாதை வாய்க்காலாகும். கோரை மறுபடி வளர்ந்து, மணலும் படிந்து அதை அடைக்கும். அடைத்தால் ஆறு கோபித்துக்கொள்ளாது, வேறு பக்கமாகப் போகும். கறையான் புற்று ஒன்று வெள்ளத்துக்குமேல் தலையை நீட்டினாலே போதும். அதில் பறவை வந்து உட்காரும், எச்சத்தில் விதை விழும், மரம் வரும், தீவாகிவிடும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அப்பா என்று சொல்ல வேண்டியதில்லை. நான் பாதிதான் கேட்டேன். மீதி நேரம் முதலையைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியதும் இல்லை, எங்கள் கரையில் வெயில் காய்கிற மரக்குற்றிகளில் ஒன்று எப்போதும் மரக்குற்றியாக இருக்காது.

அம்மாவுக்கு அந்த ஆற்றைப் பிடிக்கவே இல்லை. முதலையை விடுங்கள், அதன் மீனைப் பிடிக்கவில்லை. "எலும்பும் சேறும்" என்பார். எவ்வளவு புளி விட்டாலும் வாடை போகாது. கடல்மீன் தின்று வளர்ந்தவருக்குக் கடல் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தது. ஒருமுறை அப்பா எங்களை வத்தைத் தோணியில் ஒரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓரத்தில் எல்லாம் பெரிய மரங்கள். நடுவில் ஒன்றும் முளைக்காத வெள்ளைத் தரை. மரங்கள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, அதில் கரைந்திருப்பதை நடுவில் ஒதுக்கி ஒதுக்கி அப்படி ஆகிவிடுகிறதாம். அப்பா ஒரு துண்டைக் கிள்ளி அம்மாவிடம் நீட்டி, "இந்தா உன்ரை கடல்" என்றார். அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"கைக்குது," என்றார். "கடலுப்பு எனக்குத் தெரியாதே?"

இன்னொரு முறை தீபாவளிக்கு, ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த ஒரே யாழ்ப்பாணக் குடும்பத்தை அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஐஸ் வாங்கப் போன அப்பா பொழுதுபட்ட பிறகுதான் வந்தார். கெளிற்று மீன்கள் கூட்டமாக ஆற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தனவாம். தண்ணீர் வற்றுகிற காலத்தில் அப்படிப் போகும். கோரை வேர்களை வாலால் அடித்து, உள்ளே ஒளிந்திருக்கிற சின்ன மீன்களைக் கலைத்துத் தின்றுகொண்டு போகும். மேலே கொக்குகள், கீழே முதலைகள், கரையில் எங்கள் அப்பா. ஐஸ் காலுக்குக் கீழே உருகி ஓடிவிட்டது. விருந்தினர்கள் சுடுதண்ணீர்போல இருந்த சோடாவைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா வரும்வரை அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலில் இருந்தார். அவருடைய இளமைக்காலத்தை ஒரே படமாகக் கேட்டால் எனக்கு அந்த வாசல்தான் வரும்.

நாட்டில் சண்டை முற்றித் திரும்பிப் போக வழி இல்லாமல் போனபோது, அம்மாவும் நானும் முதலில் கனடா வந்தோம். அப்பா ஒப்பந்தம் முடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதுவும் சொன்ன நேரத்தில் நடக்கவில்லை. ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ட். அம்மா யன்னலடியில் நின்று, கீழே வந்து நிற்கிற ஒவ்வொரு ரக்சியையும் பார்த்தார். வந்து சேர்ந்த அப்பாவுக்கு இங்கே படிப்பிக்கக் கிடைக்கவில்லை. பிளாஸ்ரிக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். முறைப்பட்டதில்லை. றூஜ் ஆற்றுப் பாலத்தைக் காரில் கடக்கும்போது மட்டும், "உதுவும் ஒரு ஆறுதான், பாவம்" என்பார்.

சில வருடங்களுக்கு முன் நான் மார்க்கத்து ஒபிசில் மீற்றிங் ஒன்றில் இருந்தபோது போன் அடித்தது. அப்பா. வேலை நேரத்தில் எடுக்கிறவர் இல்லை, ஆகவே பதறிப்போய் வெளியே வந்தேன்.

"பிள்ளை, தண்ணி வந்திட்டுது!" என்று கத்தினார்.

பேஸ்மென்ட்தான் என்று நினைத்தேன். அந்த வருடம் மழை கூட, எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஏற்கெனவே வெள்ளம் ஏறியிருந்தது. எத்தனை அடி, கரண்ட்டை நிற்பாட்டினீர்களா என்று நான் கேட்க, அவர் ஆபிரிக்காவில் எந்தக் காலத்திலோ காய்ந்துபோன ஒரு வாய்க்காலில் மறுபடி தண்ணீர் ஓடுகிறது என்றும், அந்தப் படத்தை இப்போதுதான் யாரோ அனுப்பினார்கள் என்றும் சொன்னார். நாங்கள் அதைக் கடந்து போயிருக்கிறோமாம். நல்லது அப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பாவின் தகனத்தன்று உலையின் பொத்தானை அமத்தியது சித்தப்பாவின் மகன். ஒரே பிள்ளை நான், ஆனால் பெண்பிள்ளை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை. எனவே சித்திரையில் சித்தப்பா வந்து எங்கள் வரவேற்பறையில் இருந்துகொண்டு ஐயருக்குப் போனைப் போட்டபோது நான் ஏற்கெனவே சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "ஓடுற தண்ணியாய் இருக்கவேணும்," என்றது ஐயரின் குரல். "போய்க் கடைசியிலை சமுத்திரத்திலை சேரவேணும். மற்றபடி எந்த நாடெண்டாலும் பரவாயில்லை."

சித்தப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டியே? அண்ணை சொன்ன ஆறு கடலுக்குப் போகாது. அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சதே அண்ணைதான்."

"அவர் கேட்டது அது ஒண்டுதான் சித்தப்பா."

"விளையாட்டாச் சொன்னதை நீ தூக்கிப் பிடிக்கிறாய்."

"அப்பாவுக்கு அந்த ஆறு விளையாட்டில்லை."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிஞ்சுது. இன்னும் எத்தினை நாளைக்கு அந்த மனுசனைக் கராஜிலை வைச்சிருக்கப் போறியள்?"

ஆறே இல்லாத ஊரிலிருந்து வந்த நாங்கள் ஒரு ஆற்றுக்காக இப்படிச் சண்டைபிடித்துக்கொண்டிருந்தோம். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் எந்தக் கோணங்கித்தனத்துக்கும் முணுமுணுத்துக்கொண்டே இடம் கொடுத்தவர் அவர்.

"கடலுக்குப் போகாத தண்ணியிலை விடேலாது," என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் என்ன கேட்டும் அதையே திருப்பிச் சொன்னார். சித்தப்பா வெற்றி பெற்றவராகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் படகு ஒழுங்குபண்ணுவதாகச் சொல்லிப் போனார்.

நான் அம்மாவோடு ஒரு கிழமை சரியாகக் கதைக்கவில்லை. ஐம்பது வருடம் கூட இருந்த மனிதரின் கடைசி ஆசையைவிட ஐயரின் வாய்ச்சொல் பெரிதாகிவிட்டதே என்று இருந்தது. அம்மா அப்படிச் சாத்திரத்துக்குப் பயந்தவரும் அல்ல. விரத நாளில் ஒரு முட்டை பொரித்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கிறவர்.

படகு நாளுக்கு முந்தின சனிக்கிழமை, இடத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணலில் குடும்பங்கள் பாய் விரித்துக் குந்தியிருந்தன. இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கனடா வாத்துகள் வழக்கம்போல யாரையும் மதிக்காமல் நடுவால் நடந்தன. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறு ஏரியோடு கலக்கிற இடம்வரை போய் நின்றார்.

"இந்தத் தண்ணி கடலுக்குப் போகுமே?"

"ஏரிக்கை போய், அங்கையிருந்து சென் லோறன்ஸ் ஆத்தாலை அத்திலாந்திக்குப் போகும்."

"நிச்சயமாய்?"

"நிச்சயமாய் அம்மா."

"அப்ப என்னை இதிலை விடு," என்றார்.

எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. அப்பாவுக்கு இடம் பார்க்க வந்தோம், இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்ரை அப்பாவைக் கீரிமலைக் கடலிலை விட்டாலென்ன, கங்கையிலை விட்டாலென்ன, எனக்கு ஒண்டுதான். என்னை இஞ்சை விட்டாலும் போய்ச் சேருற இடம் கடல்தானே. எப்பவோ ஒருநாள் அங்கை காணலாம். அந்த ஆறு மட்டும் வராதே பிள்ளை. அவர் அந்த மணலுக்கை நிண்டிடுவார். நான் கடலிலை தனியப் போய் நிண்டு என்ன செய்யிறது?"

தூண்டில்காரர் ஒருவர் ஏதோ சின்ன மீனைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார். இவ்வளவு நாளும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது சாத்திரம் இல்லை. அதை நான் சாத்திரமாகவே கேட்டிருந்தேன். அப்படியென்றால் அம்மாவையும் அங்கேயே கொண்டுபோய் விடலாமே என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம்," என்றார் உடனே. "ஏழு வருசம் இருந்தது காணும். முதலையும் சேத்து மீனும். நீ வந்து பாக்கிறதுக்கும் எனக்கு இஞ்சை ஒரு இடம் வேணும்."

வீட்டுக்கு வந்து அம்மா சமைக்கக் குசினிக்குள் போனார். நான் அப்பாவின் கொம்பியூட்டரைச் சாப்பாட்டு மேசையில் திறந்தேன். கமராவில் அங்கே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. வரைபடத்தை எடுத்தேன். தாச்சிப் பிடியின்மேல் விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தபோது, பிடியும் சட்டியும் சந்திக்கிற இடத்தில் கிழக்குப் பக்கமாக மெல்லிய ஒரு கோடு பிரிந்து போனது. அதைப் பார்த்ததும் ஒரு லொறி ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வயதில், எங்கேயோ போகிற வழியில் அப்பா லொறியை நிறுத்தி இறங்கி, புல் முளைத்த ஒரு பள்ளத்தின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து, "இது ஆறு!" என்றார். ஒரு யானை விட்டைக் குவியலைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அம்மா வெயிலுக்குள் இறங்க மறுத்துவிட்டார். தண்ணி வந்திட்டுது என்று அப்பா எனக்குப் போனில் கத்தியதும் இதே வாய்க்காலைப் பற்றித்தான்.

பிறகு இரண்டு மணித்தியாலம் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு அருகில் இருத்தினேன். ஒக்கவாங்கோவில் மிகப் பெரிய வெள்ளம் வருகிற வருடங்களில் கொஞ்சத் தண்ணீர் சட்டிக்குள் போகாமல் இந்த வாய்க்காலால் வழிந்து, பக்கத்தில் வருகிற வேறொரு ஆற்றின் சதுப்பில் போய் விழுகிறது. அந்தச் சதுப்பு நிரம்பினால் ஒரு ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பினால் சோபே ஆறு. சோபே சில மாதங்களில் பின்பக்கமாகவும் ஓடுமாம், ஆனால் கடைசியில் சம்பேசியில்தான் சேர்கிறது. சம்பேசி அந்தப் பெரிய நீர்வீழ்ச்சியில் விழுந்து, மொசாம்பிக்கைக் கடந்து, இந்து சமுத்திரத்துக்குப் போகிறது. அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு என் விரல் போன வழியெல்லாம் தன் விரலால் ஒருமுறை போய்ப் பார்த்தார்.

"இஞ்சத்தைத் தண்ணி அத்திலாந்திக்குப் போகும் எண்டு சொன்னாய். உது இந்து சமுத்திரம்."

"கடல் எல்லாம் ஒண்டுதானே அம்மா. கோடு கீறினது மனுசர்."

"ஓம், உப்பிடித்தான் அவரும் சொல்லுறவர்." விரலை இன்னும் எடுக்கவில்லை. "இது எத்தினை வருசத்துக்கு ஒருக்கா ஓடும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் ஆற்றைப் பற்றி அந்த மேசையில் இருந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சொல்லேலாது அம்மா. இருபது முப்பது வருசம் காய்ஞ்சு கிடக்கும். வந்தாலும் கொஞ்சம்தான் வரும். பிறகு அந்தச் சதுப்பும் ஏரியும் நிரம்பவேணும். நாங்கள் சரியான இடம் பாத்து, வாய்க்கால் பிரியுறதுக்கு மேலைதான் விடவேணும். அப்பிடி விட்டாலும் அவர் இந்தப் பக்கம் வருவாரோ, சட்டிக்கை போவாரோ, அதுவும் தெரியாது."

"ஆனா வாற வழி ஒண்டு இருக்கு."

"இருக்கு."

அம்மா எழும்பிக் கராஜ் கதவைத் திறந்துகொண்டு போனார். திரும்பி வந்தபோது பெட்டி கையில் இருந்தது, சுவெட்டரோடு. அதை மேசையில், அப்பா இருந்து தோசை சாப்பிடுகிற இடத்தில் வைத்தார். சித்தப்பாவுக்கு என்ன சொல்வது என்று நான் கேட்டேன்.

"படகு வேண்டாமெண்டு சொல்லு. ரிக்கற்றைப் போடு, நானும் வாறன்." கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார். "முப்பது வருசமெண்டா என்ன பிள்ளை? உன்ரை அப்பா எந்த இடத்துக்கு நேரத்துக்கு வந்தவர்? நான் முதல் கடலிலை போய் நிக்கிறன்."